ராத்திரி பேக்கப் மட்டும் போக மாட்டேங்குது (கிருஷ்ணகிரி டு ஓசூர்), அவசரம்

மாங்கூழ்_கணக்கு:
வணக்கம். ஆபீஸ் சர்வர்ல இருந்து ஓசூர் குடோன் மெஷினுக்கு தினம் ராத்திரி பேக்கப் போகணும். செட் பண்ணி ஒரு வாரம் ஆச்சு, ஒரு நாள் கூட போகல. கையால ஓட்டினா போகுது. சீசனுக்குள்ள முடிக்கணும்னு முதலாளி தலைமேல நிக்கறார். யாராவது சொல்லுங்க.

தொப்பூர்_கணவாய்:
விண்டோஸா லினக்ஸா? எவ்வளவு டேட்டா? ரெண்டு பக்கமும் நெட் என்ன?

பழையபேட்டை:
கையால போகுது, கிரான்ல (குறிச்ச நேரத்துக்குத் தானா வேலையை ஓட்டறது) போகலன்னா சாவிதான். மெஷினுக்கு மெஷின் நுழையற எஸ்எஸ்ஹெச் சாவி ஃபைலுக்கு பாஸ்ஃப்ரேஸ், அதாவது திறக்கற ரகசிய வார்த்தை, வச்சிருப்பீங்க. நீங்க லாகின்ல இருக்கும்போது ஏஜென்ட்னு ஒரு ப்ரோக்ராம் திறந்த சாவியை வச்சுப் பாத்துக்கும். கிரானுக்கு ஏஜென்ட்டையும் தெரியாது, உங்களையும் தெரியாது. பேக்கப்புக்கு பாஸ்ஃப்ரேஸ் இல்லாத தனிச் சாவி போடுங்க.

நெட்_மாமா:
சிஜிநாட், அதாவது நெட் கம்பெனி ஒரே ஐபியைப் பல பேருக்குப் பங்கு போடறது. கண்ணை மூடிட்டு சொல்றேன். ஓசூர் ரவுட்டர்ல வான் ஐபி (வெளிப்பக்க முகவரி) 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் ஏதாவது காட்டினா வெளிய இருந்து உள்ள நுழையவே முடியாது.

ரூட்_வாத்தியார்:
எர்ரர் மெசேஜ் எங்கே தம்பி? இங்க நான் சலிக்காம கேக்கற ஒரே கேள்வி. "பர்மிஷன் டினைட்"னா சாவி. "ரெஃப்யூஸ்ட்"னா மெஷின் முழிச்சிருக்கு, அந்தப் போர்ட்ல (வாசல்ல) ஆள் இல்ல. "டைம்ட் அவுட்"னா அந்தப் பக்கம் சத்தமே இல்ல. லாக் பாக்காம மருந்து எழுதறவங்களை என்ன சொல்ல.

பழையபேட்டை:
என்னைத்தான் சொல்றீங்கன்னு புரியுது வாத்தியாரே.

மாங்கூழ்_கணக்கு:
சாரி. ரெண்டு பக்கமும் உபுண்டு லினக்ஸ், காப்பி எடுக்கறது ஆர்சிங்க். 380 ஜிபி. இங்க அப்லோட் 20 எம்பிபிஎஸ். ஓசூர்ல காசு கட்டி வாங்கின ஸ்டாட்டிக் (மாறாத) ஐபி. சாவிக்கு பாஸ்ஃப்ரேஸ் இல்ல. கிரான் ராத்திரி 11 மணி. டெலீட் ஆப்ஷன் (இங்க இல்லாத ஃபைலை அங்கயும் அழிக்கறது) போட்டிருக்கேன். லாக்ல "போர்ட் 22, கனெக்‌ஷன் டைம்ட் அவுட்".

நெட்_மாமா:
ஸ்டாட்டிக்னு சொல்லித்தான் விப்பாங்க.

தொப்பூர்_கணவாய்:
மாமா, பகல்ல போகுதுல்ல? சிஜிநாட் பொழுது சாஞ்சாத்தான் வருமா?
கணக்கு சார், 20-ல மணிக்கு 9 ஜிபிதான் போகும். 380-க்கு 42 மணி நேரம். முதல் காப்பியை ஹார்ட் டிஸ்க்ல கொண்டு போய் ஏத்திடுங்க, அப்புறம் மாறினது மட்டும் போகும்.

சேலத்து_வயர்:
ட்ரெயின்ல ஒரு நடை போயிட்டு வந்துடலாமே.

பழையபேட்டை:
கிருஷ்ணகிரில ஏதுங்க ட்ரெயின்? 1905-ல திருப்பத்தூர்ல இருந்து சின்ன ரயில் வந்துச்சு, 1941-ல மூடிட்டாங்க. மாவட்டத் தலைநகரம், ஸ்டேஷன் கிடையாது.

தொப்பூர்_கணவாய்:
எங்க தருமபுரில இருக்கே.

பழையபேட்டை:
ஆமா, 2004-ல மாவட்டத்தைப் பாகம் பிரிச்சப்போ ஸ்டேஷன் உங்களுக்கு, மாங்கா எங்களுக்கு.

தொப்பூர்_கணவாய்:
மாங்கா எங்ககிட்டயும் இருக்கு. பாலக்கோடு தக்காளி உங்ககிட்ட இருக்கா?

ரூட்_வாத்தியார்:
சந்தை முடிஞ்சுதா? தம்பி, அந்த டெலீட் ஆப்ஷனை இப்பவே எடுங்க. என்னைக்காவது இங்க டேட்டா டிஸ்க் மவுன்ட் ஆகாம (சிஸ்டத்தோட சேராம) இருந்தா, ஆர்சிங்க் காலி ஃபோல்டரைப் பாத்து ஓசூர்ல இருக்கறதையும் சுத்தமா துடைச்சிடும். இன்னொண்ணு, பகல்ல பேசற மெஷின் ராத்திரி பேசலன்னா நெட்டைத் தேடாதீங்க. 11 மணிக்கு குடோன்ல கரன்ட் இருக்கா?

(ரெண்டு நாள் கழிச்சு)

மாங்கூழ்_கணக்கு:
நேர்ல போய்ப் பாத்துட்டேன். மெயின் பெட்டி மேல சாக்பீஸ்ல "இரவு 9 கட்டாயம் ஆஃப்"னு எழுதி வச்சிருக்கு. போன மழைல ஷார்ட் ஆச்சாம், அதுல இருந்து வாட்ச்மேன் அண்ணன் ஒரு நாள் தவறாம அணைக்கறார். மோடமும் சேர்ந்து படுத்துடுது. கிரானை மதியம் 1:30-க்கு மாத்தியாச்சு, ஓடுது. எல்லாருக்கும் நன்றி.

நெட்_மாமா:
இருந்தாலும் அந்த வான் ஐபியைப் பாத்திருக்கலாம்.

தொப்பூர்_கணவாய்:
சார், மதியம் டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) திறந்துதானே இருக்கும்? என்ட்ரி போட்டுட்டிருக்கும்போது காப்பி எடுத்தா பாதி ஃபைல் பழசு, பாதி புதுசுன்னு போய்ச் சேரும், திறக்கறப்போ தெரியும். மோடமுக்கும் மெஷினுக்கும் தனி எம்சிபி (பிரேக்கர் சுவிட்ச்) போட்டு லைன் இழுக்கச் சொல்லுங்க, ராத்திரிக்கே திருப்பி மாத்திடலாம்.

ரூட்_வாத்தியார்:
டெலீட் எடுத்தாச்சா?

(ஒரு வாரம் கழிச்சு)

ரூட்_வாத்தியார்:
தம்பி?

பழையபேட்டை:
மாங்கா லோடு வர ஆரம்பிச்சிடுச்சு வாத்தியாரே. இனி அவர் ஆகஸ்ட்லதான் தலை தூக்குவார்.