அமெரிக்க ஓவியத்தை வளர்த்தது அகாடமியா, செப்புத் தகடா?

பரணி:
ஆரம்பகால அமெரிக்க ஓவியம் என்று பேச்செடுத்தாலே பெஞ்சமின் வெஸ்ட், காப்ளி என்ற ஓவியர்கள், அப்புறம் 1805-ல் பிலடெல்ஃபியாவில் தொடங்கிய பென்சில்வேனியா நுண்கலை அகாடமி என்று வரிசையாகப் போகிறார்கள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சுப்படம் போட்டவர்களுக்கு ஓரமாக ஒரு பத்தி ஒதுக்குவதோடு சரி. என் கட்சி இதற்கு நேர் எதிர். அந்த நாட்டில் ஓவியத்துக்கு அடித்தளம் போட்டவர்கள் செதுக்குக்காரர்கள்தான். அகாடமிகள் பின்னால் வந்தவை.

காப்ளியையே எடுத்துக்கொள்வோம். பாஸ்டனில் அவருடைய வளர்ப்புத் தந்தை பீட்டர் பெல்ஹாம், மெசோடின்ட் என்ற செதுக்கு முறையில் கைதேர்ந்தவர். பற்கள் வைத்த வளைந்த விளிம்புக் கருவியை ஆட்டி ஆட்டித் தகடு முழுக்கச் சொரசொரப்பாக்குவார்கள். அந்த நிலையில் மை பூசி அச்செடுத்தால் தாள் மொத்தமும் கறுப்பாக வரும். நெற்றி, மூக்குத் தண்டு, சட்டைக் காலர் என்று வெளிச்சம் விழ வேண்டிய இடங்களை மட்டும் சுரண்டித் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். பெல்ஹாம் 1751-ல் இறந்தபோது காப்ளிக்குப் பதிமூன்று வயது. 1753-ல் அந்தப் பையன் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? பெல்ஹாம் விட்டுப்போன ஒரு பாதிரியாரின் தகட்டில் தலையையும் பெயரையும் சுரண்டி எடுத்துவிட்டு, அதே உடம்பில் வெல்ஸ்டீட் என்ற இன்னொரு பாதிரியாரின் முகத்தை ஏற்றினான். எந்த அகாடமி இதைச் சொல்லிக்கொடுத்தது?

தில்லைநாயகி:
பரணி தம்பி, நான் பல வருஷம் ஓவிய வகுப்பு எடுத்தவள் என்பதால் சொல்கிறேன். நீங்கள் பலம் என்று காட்டுவது காப்ளியின் பலவீனம்.

1765-ல் பறக்கும் அணிலோடு இருக்கும் ஒரு பையனை அவர் வரைந்தார். அந்தப் பையன் அவருடைய தாய்வழித் தம்பி ஹென்றி பெல்ஹாம். அடுத்த வருஷம் அந்தப் படம் லண்டனில் கண்காட்சிக்குப் போனது. அந்நாளின் பெரிய ஆங்கில ஓவியர் ரெனால்ட்ஸ் மனதாரப் பாராட்டினார். கூடவே, வரைவில் விறைப்பு இருக்கிறது, நிழல்களில் குளிர்ச்சி இருக்கிறது என்று குறையும் சொன்னார். கோடுகள் துருத்திக்கொண்டு தெரிகின்றன என்பது வெஸ்ட்டின் விமர்சனம். அச்சுப்படம் பார்த்தே வளர்ந்த கைக்கு வேறு என்ன வரும்?

பவர்ஸ் என்ற சீமாட்டியின் உருவப்படத்தைப் பாருங்கள். 1763 வாக்கில் வரைந்தது. உட்கார்ந்த விதம், உடை, மடியில் இருக்கும் நாய்க்குட்டி எல்லாமே ரெனால்ட்ஸ் வரைந்த ஒரு பிரபுக் குடும்பத்துப் பெண்ணின் படத்திலிருந்து வந்தவை. அந்த ஓவியத்தைக் காப்ளி பார்க்கவே இல்லை. அதன் கறுப்பு வெள்ளை மெசோடின்ட்தான் அவர் கைக்குக் கிடைத்தது. பவர்ஸ் அம்மாவுக்குச் சொந்தமானது முகம் மட்டும்தான். அசலைப் பார்க்க வழியில்லாத ஊரில் எவ்வளவு பெரிய திறமையும் இப்படித்தான் முட்டிக்கொண்டு நிற்கும். 1774-ல் அவர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியதற்கு அரசியல் நெருக்கடி ஒரு காரணம் என்றால், இந்த ஏக்கமும் ஒரு காரணம்.

முத்துவேல்:
நான் அச்சகத் தொழிலில் இருப்பவன். அதனால் என் கண் வேறு இடத்தில் நிற்கிறது.

டீச்சர் சொன்ன அதே ஹென்றி பெல்ஹாம்தான் 1770-ல் பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் மக்களைச் சுட்டதைப் படமாக வரைந்தவர். அந்த வரைவைப் பார்த்து பால் ரிவியர் என்ற பாஸ்டன் செதுக்குக்காரர் தகடு செதுக்கி, முந்திக்கொண்டு விற்றுவிட்டார். சுங்க அலுவலகக் கட்டடத்தின் மேல் 'கசாப்பு மண்டபம்' என்று பெயர்ப்பலகை போட்டு, சிப்பாய்களை ஒரே வரிசையில் நிறுத்திச் சுடவைத்த படம் அது. நெடுஞ்சாலையில் வழிப்பறி கொடுத்ததைப் போல இருக்கிறது என்று பெல்ஹாம் அவருக்கே கடிதம் எழுதினார். ஆனால் சட்டப்படி ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிறகு என்ன ஆனது என்பதுதான் முக்கியம். 1790-ல் வந்த பதிப்புரிமைச் சட்டத்தில் நூல்கள், நிலப்படங்கள், கடல்வழிப் படங்கள் மட்டும் இருந்தன. 1802-ல் அச்சுப்படங்களைச் சேர்த்தார்கள். தைல ஓவியத்துக்கு அந்த உரிமை 1870-ல்தான் கிடைத்தது. ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட் வரைந்த ஜார்ஜ் வாஷிங்டன் படத்தை ஒரு கப்பல் தலைவர் சீனாவின் கான்டன் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடியில் நூறு நகல் போட்டு வந்து விற்றார். 1802-ல் ஸ்டூவர்ட் நீதிமன்றம் போய் விற்பனைக்குத் தடை வாங்கினார். ஒவ்வொரு முறையும் வழக்காடினால்தான் ஓவியனுக்குக் கதி. தகடு வைத்திருப்பவனுக்குச் சட்டமே துணை. கலை அங்கே எதன் மேல் நின்றது என்று இதிலிருந்தே தெரியவில்லையா?

தில்லைநாயகி:
முத்துவேல், பணமும் சட்டமும் யாருக்குக் கிடைத்தது என்பது ஒரு கேள்வி. கை எங்கே பழகியது என்பது வேறு கேள்வி. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி. பென்சில்வேனியா அகாடமிக்காக, பாரிஸில் லூவர் அருங்காட்சியகச் சிலைகளுக்கு பிளாஸ்டர் வார்ப்பு எடுக்க பிலடெல்ஃபியாக்காரர் நிக்கலஸ் பிடில் ஏற்பாடு செய்தார். அவை பிலடெல்ஃபியா வந்து இறங்கிய பிறகுதான் ஓர் அமெரிக்க மாணவன் ஊரைவிட்டுப் போகாமலே உடலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து வரைய முடிந்தது. நிர்வாணச் சிலைகள் என்பதால் பெண்கள் பார்க்கத் திங்கட்கிழமையைத் தனியாக ஒதுக்கினார்கள். இன்று அது நமக்குக் கசக்கிறது. ஆனாலும் அதே அகாடமி 1824-ல் அன்னா கிளேபூல் பீல், சேரா மிரியம் பீல் என்ற அக்கா தங்கை இருவரையும் உறுப்பினராக எடுத்துக்கொண்டது. எந்த அச்சுக்கூடம் பெண்ணுக்கு அந்த நாற்காலியைப் போட்டது?

கவின்:
மேடம், அண்ணன்மார்களே, ரெண்டு பக்கமும் ஒருத்தரை விட்டுட்டீங்க. அந்தச் சகோதரிகளோட பெரியப்பா சார்லஸ் வில்சன் பீல் பிலடெல்ஃபியாவில் நடத்திய மியூசியத்தில் 1802 முதல் பக்கவாட்டு முகக்கோட்டை வரைகிற ஒரு கருவி இருந்தது. அந்தக் கோட்டைப் பிடிச்சு வெள்ளைத் தாளில் நிழலுருவம் வெட்டிக் கொடுத்தவர் மோசஸ் வில்லியம்ஸ். பீல் வீட்டில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். ஒரே வருஷத்தில் 8,000-க்கும் மேல் வெட்டியிருக்கார். தாளின் கீழே 'மியூசியம்' என்ற முத்திரை மட்டும்தான் விழுந்தது, அவர் பெயர் இல்லை. சில காசுக்குச் சாதாரண ஜனங்க தங்கள் முகத்தை முதல் தடவையா வீட்டுக்குக் கொண்டுபோனது அவர் கத்தரிக்கோலால். பீல் தன் பிள்ளைகளுக்கு ரஃபேல், ரெம்ப்ராண்ட், டிஷியன்னு பெயர் வைத்து வண்ணம் தீட்டக் கற்றுக்கொடுத்த அதே வீட்டில், இவர் கையில் தூரிகை கொடுக்கப்படலை. நிறுவனம் வளர்ந்தது என்று சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

பரணி:
கவின், நீங்கள் சொன்னது ஒவ்வொரு அமெரிக்கக் கலைப் பாடத்திலும் இருக்க வேண்டிய சேதி.

டீச்சர், வார்ப்புகள் இருந்தால் போதாது, கதவு திறந்திருக்க வேண்டும். நியூயார்க்கில் 1802-ல் தொடங்கிய அமெரிக்க நுண்கலை அகாடமி வணிகர்களும் கனவான்களும் நடத்தியது. ஓவியர் டிரம்புல் தலைவராக இருந்த காலத்தில் மாணவர்கள் விடிகாலை ஆறு மணிக்குச் சிலைகள் இருந்த கூடத்துக்கு வந்து, கதவு திறக்காமல் திரும்பினார்கள். இனாம் வாங்குகிறவர்கள் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்க முடியாது என்ற பொருளில் டிரம்புல் பதில் சொன்னதாக அந்தக் காலத்து ஓவியர் டன்லப் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் 1826-ன் நேஷனல் அகாடமி ஆஃப் டிசைன். பிற்பாடு தந்திக்குப் பேர்போன சாமுவேல் மோர்ஸ் அதன் முதல் தலைவர். 1845-ல் அவருக்குப் பின் வந்தவர் ஆஷர் டுராண்ட். அவர் யார்? மேவரிக் என்ற செதுக்குக்காரரிடம் தொழில் பழகியவர். டிரம்புல்லின் சுதந்திரப் பிரகடன ஓவியத்தை மூன்று வருஷம் தகட்டில் செதுக்கி 1823-ல் முடித்துப் பேர் வாங்கியவர். அகாடமியின் நாற்காலிக்கே செதுக்குளியிலிருந்துதான் ஆள் போனார்.

தில்லைநாயகி:
டிரம்புல் செய்தது அநியாயம். அதை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் 1825-ல் யாருக்கும் தெரியாத தாமஸ் கோலின் நிலக்காட்சி ஒன்றை வாங்கி, ஊர் முழுக்கச் சொன்னவரும் அதே டிரம்புல்தான்.

டுராண்ட் கதையையும் பாதியில் நிறுத்தாதீர்கள். நாட்டிலேயே சிறந்த செதுக்குக்காரர் 1830-களின் நடுவில் அந்தத் தொழிலை விட்டுவிட்டு ஓவியத்துக்கு வந்தார். 1840-ல், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, அசல்களைப் பார்க்க ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். தகடு எல்லாம் கொடுத்திருந்தால் அந்த வயதில் அவர் எதைத் தேடிப் போனார்?

முத்துவேல்:
திரும்பி வந்து அவர் வரைந்ததை யார் பார்த்தார்கள், யார் வாங்கினார்கள் என்பதையும் கேளுங்கள் டீச்சர். நியூயார்க்கில் அமெரிக்கன் ஆர்ட் யூனியன் என்று ஒரு சங்கம் இருந்தது. வருஷத்துக்கு ஐந்து டாலர் சந்தா. கட்டியவருக்கெல்லாம் ஓர் அச்சுப்படம் நிச்சயம், கூடவே குலுக்கலில் அசல் ஓவியம் விழவும் வாய்ப்பு. 1847-ல் மிசௌரிக்காரர் பிங்கம் வரைந்த படகோட்டிகள் படத்தை மெசோடின்ட்டாகப் போட்டு நாடு முழுக்க அனுப்பினார்கள். பெல்ஹாம் பாஸ்டனில் செய்த அதே முறை! 1849-ல் சந்தாதாரர்கள் கிட்டத்தட்ட 19,000 பேர். அகாடமிகளின் கண்காட்சியை எட்டிக்கூடப் பார்க்க முடியாத சிற்றூர்க்காரர்களும் அதில் இருந்தார்கள்.

1852-ல் அது லாட்டரி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது, கையிருப்பு ஓவியங்கள் ஏலத்துக்குப் போயின. அந்தச் சங்கத்தை மூடியது சட்டம்தான். மக்கள் சந்தா கட்டுவதை விட்டதால் அது மூடவில்லை.