டிபி53 கோடான் 72: கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வுக்குப் பழைய பாரஃபின் பிளாக் போதுமா?

கேள்வி
முதுகலை புராஜெக்ட். டிபி53 என்பது பி53 என்ற புற்றுத்தடுப்புப் புரதத்துக்கான ஜீன்; அதன் கோடான் 72 (72ஆம் அமினோ அமில இடம்) ஆளுக்கேற்ப ஆர்ஜினின் அல்லது புரோலின். கருப்பைவாய்ப் புற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கிறோம். நோயாளிகள் 80 பேரின் புற்றுத்திசு பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்த திசு), கண்ட்ரோலாக (ஒப்பிட, நோயற்றோர்) ரத்ததானம் செய்த 80 பேரின் ரத்தம். பிசிஆர் செய்து (அந்த டிஎன்ஏ துண்டைப் பெருக்கி), ஆர்ஜினின் வகையை மட்டும் வெட்டும் பிஎஸ்டியூஐ என்சைமால் வெட்டிப் பார்க்கிறோம். நோயாளிகளிடம் ஆர்ஜினின்-ஆர்ஜினின் வகை (ஜீனின் இரு பிரதியும் ஆர்ஜினின்) அதிகமாக வருகிறது. ஆபத்து மரபுவகை என்று எழுதலாமா?

பதில் 1
எழுதாதீர்கள். 1998இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை இதையேதான் சொன்னது: இந்தப் புற்றை உண்டாக்கும் எச்பிவி வைரஸின் ஈ6 புரதம் ஆர்ஜினின் வகை பி53ஐ எளிதாக அழிக்கிறது, அந்த வகை இரட்டையாக இருந்தால் ஆபத்து சுமார் ஏழு மடங்கு. பிறகு பல நாடுகளில் செய்து பார்த்தார்கள், முடிவு ஆளுக்கொன்றாக வந்தது. 2009இல் 49 ஆய்வுகளின் தனிநபர் தரவை ஒன்றாகச் சேர்த்தபோது, முறையாகச் செய்த ஆய்வுகளில் தொடர்பே தென்படவில்லை.

உங்கள் சிக்கல் பிளாக்கிலேயே இருக்கிறது. புற்றுசெல்கள் சில சமயம் ஜீனின் ஒரு பிரதியை இழந்துவிடும். அப்போது பிறவியில் ஆர்ஜினின்-புரோலின் ஆக இருந்தவர் ஜெல்லில் (டிஎன்ஏ துண்டுகளை நீளப்படி பிரித்துக் காட்டும் ஊடகம்) ஆர்ஜினின்-ஆர்ஜினின் ஆகத் தெரிவார். ஒரு பக்கம் புற்று, மறுபக்கம் ரத்தம் என்று வைத்தால் இல்லாத வித்தியாசம் தெரியலாம். நோயாளிகளிடமும் ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் காக்கும் பொருள்) குழாயில் 2 மில்லி ரத்தம் எடுங்கள். நோயாளி கிடைக்காவிட்டால், அறுவை சிகிச்சையில் எடுத்த, புற்று பரவாத நிணநீர்க்கணு பிளாக்கைப் பயன்படுத்தலாம்.

பதில் 2
வெட்டும் படியையும் பாருங்கள். வழக்கமான பிரைமர் (பெருக்கலைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ) என்றால் துண்டு 199 பிபி (டிஎன்ஏ எழுத்து இணை). ஆர்ஜினின் வெட்டுப்பட்டு 113, 86 ஆகும். புரோலின் அப்படியே நிற்கும். 20 மைக்ரோலிட்டரில் 10 மைக்ரோலிட்டர் பிசிஆர் பொருள், 5–10 யூனிட் என்சைம், 60 டிகிரி, 3 மணி நேரம். மூடி சூடாகாத வாட்டர் பாத்தில் வைத்தால் நீர் ஆவியாகி வெட்டு பாதியில் நின்றுவிடும். 199இல் மங்கலான கோடு மிஞ்சும், ஆர்ஜினின்-ஆர்ஜினின் கலப்பாக (ஆர்ஜினின்-புரோலின்) தெரியும். 3 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டுங்கள். வகை தெரிந்த மாதிரி ஒன்று ஒவ்வொரு ஓட்டத்திலும் கூடவே இருக்கட்டும்.

கண்ட்ரோலில் ஹார்டி-வெயின்பெர்க் கணக்கு (எந்தச் சேர்க்கை எத்தனை பேரிடம் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு) போடுங்கள். உதாரணமாக 200 பேரில் ஆர்ஜினின்-ஆர்ஜினின், கலப்பு, புரோலின்-புரோலின் முறையே 60, 80, 60 என்று வந்தால், எதிர்பார்ப்பு 50, 100, 50. கை-ஸ்கொயர் (எதிர்பார்ப்பிலிருந்து விலகும் அளவு) 8, எல்லை 3.84; தாண்டினால் காரணம் தேட வேண்டும். கலப்பு குறைந்தால் ஒரு பிரதி பெருகாமல் போயிருக்கலாம், அல்லது வெவ்வேறு சமூகத்தாரைக் கலந்திருப்பீர்கள். நம்மூரில் சொந்தத்துக்குள் கல்யாணமும் ஒரு காரணம். கலப்பு கூடினால் பெரும்பாலும் வெட்டு முழுமையாகவில்லை.

கேட்டவர்
நன்றி. ரத்ததானக் கண்ட்ரோல் பரவாயில்லையா? எச்எல்ஏ (நோயெதிர்ப்பு ஜீன்கள்) பார்த்தால் பலன் உண்டா?

பதில் 3
தானம் தருவோரில் பெரும்பாலானோர் ஆண்கள். அதனால் மட்டும் மரபுவகை விகிதம் மாறிவிடாது. ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி மாறிவிடுகிறது. எச்பிவி 16 (எச்பிவியின் ஒரு வகை) தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் அது தானே போய்விடும். யாருக்குத் தங்குகிறது என்பதே விஷயம். எனவே எச்பிவி பாசிட்டிவ், ஆனால் திசு சீராக உள்ள, அதே வயது, அதே வட்டாரப் பெண்களே சரியான கண்ட்ரோல். வட்டாரம் முக்கியம், ஏனெனில் புரோலின் வகை நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அதிகமாகிறது.

எச்எல்ஏவில்தான் சான்று உறுதி. டிஆர்பி1*13, டிக்யூபி1*06:03 என்ற எச்எல்ஏ வகைகளின் சேர்க்கை காப்பு. டிஆர்பி1*15:01, டிக்யூபி1*06:02 ஆபத்து. வைரஸ் துணுக்கை டி செல்லுக்கு (நோயெதிர்ப்பு செல்) காட்டும் திறன் வகைக்கு வகை மாறும். ஆனால் இவை பெரும்பாலும் ஐரோப்பியர் தரவு; நம் மக்களில் அந்தச் சேர்க்கைகளின் அளவே வேறு.

80 பேர் போதாது. வகை 30 சதவீதம் பேரிடம் இருந்து ஆபத்து 1.3 மடங்கு என்றால், நோயாளி, கண்ட்ரோல் ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 1,000 பேர் வேண்டும். 2 மடங்கு என்றால் 140.

நோயாளியின் அக்கா தங்கை கேட்டால் ஜீன் டெஸ்ட் எழுதிக் கொடுக்காதீர்கள். ஸ்வீடன் பதிவேடுகளில் உடன்பிறந்தவர்களுக்கு ஆபத்து கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆனால் எந்த ஒரு மரபுவகையும் அதைத் தனியாக முன்கூட்டிச் சொல்லாது. 30 வயதுக்கு மேல் எச்பிவி பரிசோதனை, பாசிட்டிவ் என்றால் கால்போஸ்கோப்பி (கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை).