படிக்கட்டில் சந்தித்த டூ-வாப் பாடகர்

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில், 1950-களில் டூ-வாப் (பல குரல்கள் இசைந்து பாடும் பாணி) குழு ஒன்றில் அடிக்குரல், அதாவது மிகத் தாழ்ந்த குரல், பாடிய பெரியவர் ஒருவர் வசித்துவந்தார். அவர்களுடைய குழு புகழ்பெறவில்லை. ஒரே ஓர் இசைத்தட்டோடு கலைந்துபோனது. ஆனாலும் ராக் அண்ட் ரோல் தொடக்ககாலக் குரல்குழுக்களைப் பற்றி நான் அறிந்தவற்றில் பெரும்பகுதி அவரிடம் கேட்டறிந்ததே என்பதால், அவரோடு ஏற்பட்ட பழக்கத்தைப் பற்றி எழுதுகிறேன்.

லிஃப்ட் பழுதாகியிருந்த ஒரு மாலை, மாடிப்படித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றவர், கைப்பிடிக் கம்பியில் விரலால் தாளம் தட்டியபடி ஆழ்ந்த குரலில் எதையோ முனகிக்கொண்டிருந்தார். என்ன பாட்டு என்று கேட்டால், அவர் பாடிப் பழகும் இடங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வாத்தியம் வாங்க வசதியில்லாத கறுப்பினப் பிள்ளைகளும் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளிப் பிள்ளைகளும், எதிரொலி நன்றாகக் கிடைக்கும் இடம் தேடி, மாடிப்படிகளிலும் பள்ளிக் கழிப்பறைகளிலும் சுரங்க ரயில் நிலையங்களிலும் பாடிப் பழகினார்கள் என்றும், நான்கு பேர் குரல் அங்கே எட்டுப் பேர் குரலாகத் திரும்பிவரும் என்றும் சொன்னார்.

பிறகு என்னை 'ஆ' என்று ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கச் சொல்லி, அதன் அடியில் அவர் பாடிக்காட்டினார். அந்தக் காலப் பாடல்கள் பலவற்றுக்கும் அடித்தளம் நான்கே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்)தாம். முதல் மூன்றுக்கும் என் சுரம் அசையாமலே பொருந்தியது; ஆனால் அவர் அடியில் பாடும் சுரத்தை மாற்றும்போதெல்லாம் அதே சுரம் ஒருமுறை நிறைவாகவும் ஒருமுறை ஏக்கமாகவும் ஒலித்தது. நான்காவதில் உரசியது. அரைச் சுரம் இறங்கு என்று கையால் காட்டினார், இறங்கியதும் இழைந்துவிட்டது. தம்புராவின் சுருதி அசையாமல் நிற்க, அதன்மேல் ராகம் நகர்வதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, மேலே குரல் நிற்க அடித்தளம் நகர்ந்த அந்த அனுபவம் முற்றிலும் புதியது.

இத்தகைய குழுக்களில் உலகம் நினைவில் வைத்திருப்பது முன்னால் நின்று பாடியவரைத்தான். ஃப்ராங்கி லைமனும் டீனேஜர்ஸ் குழுவினரும் பாடிய 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' 1956-இல் வெளிவந்தபோது லைமனுக்கு வயது 13. "லைமனை விடு, ஷெர்மன் கார்ன்ஸைக் கேள்" என்பார் பெரியவர். அந்தப் பாட்டே கார்ன்ஸின் அடிக்குரலில்தான் தொடங்குகிறது. தாளத்தையும் வேகத்தையும் அவர் நிலைநிறுத்திய பிறகே சிறுவனின் குரல் வருகிறது.

ஒருநாள் நிமிடத்துக்கு 45 முறை சுழலும் தம்முடைய இசைத்தட்டைக் காட்டினார். நடுவிலிருந்த காகித வட்டத்தில், பாட்டின் பெயருக்குக் கீழே, அதை எழுதிய இரண்டு நண்பர்களின் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில், நிறுவன உரிமையாளரின் பெயர் அச்சாகியிருந்தது. ஒலிப்பதிவன்று கையில் கிடைத்த சில டாலர்களைத் தவிர ராயல்டி என்று எதுவும் வரவில்லையாம். அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். கேட்ட எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

புகழ்பெற்றவர்களுக்கும் இதே கதிதான். டீனேஜர்ஸ் குழுவின் ஹெர்மன் சாண்டியாகோவும் ஜிம்மி மெர்ச்சன்ட்டும் 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' பாட்டை எழுதியவர்கள் தாங்களே என்று தொடுத்த வழக்கில், 1992-இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குள் லைமன், கார்ன்ஸ், குழுவின் மற்றோர் உறுப்பினரான ஜோ நெக்ரோனி மூவரும் இறந்துவிட்டிருந்தனர். 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமோ, மூன்று ஆண்டுக் காலக்கெடுவுக்குள் வழக்குத் தொடுக்கவில்லை என்ற காரணத்தால் தீர்ப்பை ரத்துசெய்தது. பாட்டு லைமன் பெயரிலும் இசைத்தட்டு அதிபர் மாரிஸ் லெவியின் பெயரிலும் தங்கிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தவர்கள் மூன்றே ஆண்டுகளில் ஓர் இசைத்தட்டு அதிபரை எதிர்த்து நீதிமன்றம் போயிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தகைய குழுக்களில் பின்னால் நின்று பாடிய எவரையேனும் சந்தித்தவர்கள், அவர் எந்தக் குரலைப் பாடினார், எப்படிப் பாடிக்காட்டினார் என்பதையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.