பாப்பாவுக்குத் தைராய்டு அதிகம், கோபம் அடங்கல – அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

வணக்கமுங்க. நாங்க கோபி பக்கம். பாப்பாவுக்கு 13 வயசு. ஆறு மாசமா எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறா, ராத்திரி தூக்கமில்ல. கிளாஸ்ல ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கறான்னு வாராவாரம் புகார். வயசுக் கோளாறுன்னாரு வீட்டுக்காரர். அமுச்சி பண்ணாரிக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிட்டு வந்தாங்க. நான் ரெண்டு அடியும் போட்டேனுங்க, அதுதான் இப்ப மனசை அறுக்குது.

போன மாசம் ரசம் ஊத்தறப்ப அவ கையில கரண்டி வெடவெடன்னு நடுங்குச்சு. மூணு தட்டுச் சோறு தின்னும் பாவாடை இடுப்புல நிக்கல. அப்புறந்தான் ரத்த டெஸ்ட். தைராய்டைத் தூண்டற டிஎஸ்எச் 0.01தான், ரொம்பக் கம்மி; தைராய்டு சுரக்கற டி4 ஹார்மோன் ரொம்ப அதிகம். தைராய்டு சுரப்பைக் குறைக்கற கார்பிமசோல் மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க. காய்ச்சல், தொண்டை வலி வந்தா மாத்திரையை நிறுத்திட்டு உடனே ரத்த அணு எண்ணிக்கை பார்க்கணும்னு சொல்லிவிட்டாங்க.

மூணு வாரமாச்சு. நடுக்கம் குறைஞ்சிருக்கு, கோபம் அப்படியே இருக்கு. உங்க பிள்ளைங்களுக்கு எத்தனை நாள்ல அடங்குச்சுங்க? கோயமுத்தூர்ல குழந்தைங்களுக்கான ஹார்மோன் டாக்டர், பொறுமையாப் பேசறவங்க இருந்தாச் சொல்லுங்க. ஸ்கூல்ல டிசி வாங்கிக்கங்கன்னு ஜாடையாப் பேசறாங்க. ரிப்போர்ட்டைக் காட்டி எப்படிப் புரிய வெச்சீங்க? நாட்டு மருந்து மட்டும் வேண்டாமுங்க, ஏற்கெனவே நாலு பேர் சொல்லிட்டாங்க.