கில்ட் (ஸ்காட்லாந்தில் ஆண்கள் கட்டும் மடிப்புப் பாவாடை) தைக்கிறேன்: பின்பக்கம் 20¼ இஞ்ச் வரணும், 22 வருது. எல்லாத்தையும் பிரிக்கணுமா?

கிளாஸ்கோ அம்மா:
வணக்கம். என் மகன் இங்கே ஒரு பைப் பேண்டில் (பேக்பைப்பும் ட்ரம்மும் வாசிக்கிற குழு) ட்ரம் வாசிக்கிறான். ஆகஸ்ட்டில் கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் உலகப் போட்டி. பேண்டில் இருந்த பழைய கில்ட் ஒன்றும் அவனுக்குச் சேரவில்லை. துணி கொடுங்கள், நானே தைத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிளவுஸ், சுடிதார், பாவாடை எல்லாம் வருஷக்கணக்காகத் தைத்த கை. ஆனால் கில்ட்டுக்கு என்னிடம் இருப்பது தட்டச்சு செய்த ஒரு பழைய குறிப்பு மட்டும்தான். அதில் ஒரு படம்கூடக் கிடையாது.

துணி 16 அவுன்ஸ் கம்பளி, கார்டன் டார்டன் (டார்டன் என்பது ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணி). கரும்பச்சை, நீலம், கறுப்புக் கட்டத்தில் ஒற்றை மஞ்சள் கோடு ஓடும். இரட்டை அகலத்தில் 4 கஜம் எடுத்து, நீளவாக்கில் வெட்டிச் சேர்த்து 8 கஜம் ஆக்கினேன். என் துணியில் கட்டம் 7 இஞ்சுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் மஞ்சள் கோடு வரும்படி பட்டாளத்து முறையில் மடித்திருக்கிறேன்.

பையனுக்கு இடுப்பு 34, சீட் (பின்புறம் அகலமான இடத்தில் சுற்றளவு) 40½, நீளம் 24. மேலே 8 இஞ்ச் வரைக்கும் மடிப்புகளைத் தைத்து மூடணும், கீழே அப்படியே தொங்கணும். பின்பக்கம் 27 மடிப்பு. வெளியே தெரிகிற அகலம் சீட்டில் முக்கால் இஞ்ச், இடுப்பில் 5/8. கணக்குப்படி சீட்டில் 20¼, இடுப்பில் 16⅞ வரணும். முழுக்கத் தைத்து முடித்து நேற்று டேப் வைத்தால் சீட்டில் 22, இடுப்பில் 18½!

போதாததற்கு 12-லிருந்து 15-ஆவது மடிப்பு வரை குறுக்குக் கோடுகள் படிக்கட்டு மாதிரி ஏறுகின்றன. 27 மடிப்பு, ஒவ்வொன்றும் 8 இஞ்ச் என்றால் 6 கஜம் கைத்தையல். ராத்திரி விளக்கில் கறுப்புத் துணியில் போட்டது. எல்லாவற்றையும் பிரிக்கத்தான் வேண்டுமா? நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

நூல்கண்டு:
லூஸாதானே இருக்கு? பக்கிளை இழுத்துக் கட்டினா சரியாகாதா அக்கா?

எடின்பரோ வாசி:
ஆகாது. கில்ட்டில் பாதிச் சுற்று ஏப்ரன் (முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் மடிப்பில்லாத இரண்டு பாகம், வெளி ஏப்ரன், உள் ஏப்ரன்), பாதிச் சுற்று மடிப்பு. பின்பக்கம் கூடினால் மடிப்புகள் இரண்டு பக்கமும் இடுப்பெலும்பைத் தாண்டி முன்னால் வந்துவிடும். எவ்வளவு இறுக்கினாலும் அது மாறாது. பைப் பேண்ட் போட்டியில் வட்டமாக உள்ளே பார்த்து நின்று வாசிப்பார்கள், அதனால் கூட்டத்துக்குத் தெரிவதே முதுகும் மடிப்பும்தான்.

மதுரை மாஸ்டர்:
நான் கில்ட் தைச்சதில்லை. ஸ்கூல் பாவாடைக்கு மடிப்பு வச்சு நாப்பது வருஷம் ஆச்சு, அதை வச்சுச் சொல்றேன். தங்கச்சி, மொத்தமா அளக்காதீங்க. முதல் அஞ்சு மடிப்பை மட்டும் அளந்து சொல்லுங்க. அப்புறம் கடைசி அஞ்சு. சாக்பீஸ் கோடு போட்டு அதுல அடுத்த மடிப்போட ஓரத்தைப் பொருத்தினீங்கல்ல, அந்தக் கோடு இப்ப வெளியே தெரியுதா, மடிப்புக்கு அடியில போயிடுச்சா?

கிளாஸ்கோ அம்மா:
முதல் ஐந்து 4 இஞ்சும் ஒரு பொடியும். கடைசி ஐந்தும் அதேதான். கோடு தெரிகிறது மாஸ்டர். கோட்டை ஒட்டித்தான் ஓரத்தை வைத்தேன்.

மதுரை மாஸ்டர்:
அங்கதான் இருக்கு. கோடு மறையணும். கோட்டுக்கு ஒரு தடிமன் உண்டு, கம்பளியில சாக்பீஸ் இழுத்தா அரை நூலுக்குக் குறையாது. எட்டு நூல் ஒரு இஞ்ச். உங்களுக்கு வேண்டியது ஆறு நூல் மடிப்பு, தைச்சிருக்கிறது ஆறரை. ஒரு மடிப்புல யாருக்கும் தெரியாது. 27 தரம் அரை நூல் சேர்ந்தா பதிமூன்றரை நூல், ஒண்ணே முக்கால் இஞ்சுக்கு அரை நூல்தான் குறைச்சல். உங்க கணக்கு அப்படியே வந்துடுச்சு. இடுப்புலயும் அஞ்சு நூல் அஞ்சரையா ஆகியிருக்கும்.

உங்க கை தப்பா ஓடலை. எல்லா மடிப்பும் ஒரே அளவு கூடியிருக்குன்னா கை சீரா ஓடியிருக்குன்னு அர்த்தம். ஆனா எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பிரிச்சுத்தான் ஆகணும்.

எடின்பரோ வாசி:
மாஸ்டர் சொன்ன காரணம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பிரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். நான் இங்கே கில்ட் தைக்கப் பழகியபோது இதே தப்பைச் செய்தேன்.

மாஸ்டர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆறரை நூல் மடிப்பு 25 இருந்தால் 162½ நூல், அதாவது 20¼-க்கு மேல் அரை நூல். இடுப்பில் ஐந்தரை நூல் வீதம் 137½, அதாவது 17 இஞ்சும் ஒன்றரை நூலும். வேண்டியது 16⅞. இரண்டரை நூல் வித்தியாசத்தை மேல்பட்டி வைக்கும்போது சுருக்கி உள்ளே வாங்கிவிடலாம், கம்பளி அதற்கு இடம் கொடுக்கும். ஆக இரண்டே இரண்டு மடிப்பைப் பிரித்தால் போதும்.

எந்த இரண்டு என்பதில்தான் கவனம் வேண்டும். வெளி ஏப்ரன், கில்ட் போடுகிறவரின் இடது பக்கத்தில் மடிப்புகளோடு சேர்கிறது. அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள். வலது பக்கம், உள் ஏப்ரன் தொடங்கும் இடத்தில் இருக்கும் கடைசி இரண்டைப் பிரியுங்கள். நீங்கள் மஞ்சள் கோட்டுக்கு மடித்திருப்பதால் ஒவ்வொரு மடிப்பும் சரியாக ஒரு கட்டத்தை, 7 இஞ்சை எடுத்திருக்கிறது. இரண்டைப் பிரித்தால் 14 இஞ்ச் துணி விடுபடும், அது முழுசாக இரண்டு கட்டம். உள் ஏப்ரன் இரண்டு கட்டம் முன்னால் நகரும், ஆனால் அதன் நடுவில் முன்பு வந்த கோடே வரும். மிஞ்சுவது துணியின் கடைசி முனையில்தான். டார்டன் பின்பக்கமும் தொடர்ந்து ஓடுகிற மாதிரி மடித்திருந்தால் இந்த வழி இவ்வளவு சுத்தமாக வராது. அதில் ஒவ்வொரு மடிப்பும் ஒரு கட்டத்தோடு வெளியே தெரிகிற அகலத்தையும் சேர்த்து எடுக்கும், கோடு இடம் மாறிவிடும்.

ஒன்று கேட்க வேண்டும். உள் ஏப்ரனுக்கு முன்னால் எதிர்த்திசையில் திரும்புகிற ஆழமான மடிப்பைத் தைத்துவிட்டீர்களா? உள்பக்கம் ஏதாவது வெட்டினீர்களா?

கிளாஸ்கோ அம்மா:
இல்லை, இரண்டுமே செய்யவில்லை. "ஸ்டீக் செய்தபின் வெட்டவும்" என்று குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. ஸ்டீக் என்றால் என்னவென்று புரியாமல் அப்படியே நிறுத்தினேன்.

எடின்பரோ வாசி:
நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. வெட்டியிருந்தால் திரும்ப வழியே இல்லை.

8 கஜம் கம்பளியின் பாரம் வெளியே தெரிகிற தையலில் தொங்கினால் மடிப்புகள் நாளடைவில் கீழே இறங்கிவிடும். அதனால் உள்பக்கம், மடிப்புகளின் முதுகைக் குறுக்கே கோர்த்து ஒரு தையல் போடுவார்கள். தைத்து மூடிய பகுதி முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. அதுதான் ஸ்டீக். ஊசி வெளிப்பக்கத் துணியைக் குத்தக் கூடாது, நூலை இழுத்துச் சுருக்கவும் கூடாது. அதற்குப் பிறகுதான் இடுப்புப் பக்கம் மடிப்புக்குள் அடைந்து கிடக்கும் துணியை வெட்டி எடுப்பது, கேன்வாஸ் வைப்பது, லைனிங் கொடுப்பது எல்லாம். கீழே மடித்துத் தைக்க வேண்டாம், துணியின் கரையே விளிம்பு.

மதுரை மாஸ்டர்:
ரெண்டைக் குறைக்கிற கணக்கு எனக்குத் தோணவே இல்லை. பாவாடையில கட்டம் பார்த்து மடிக்கிற வேலை இல்லாததால அந்தப் பக்கம் யோசிக்கல. இதுதான் சரி, நான் சொன்னதை விட்டுடுங்க.

படி ஏறின 12, 13, 14, 15-ஐ மட்டும் பிரிச்சுத் திரும்பப் போடுங்க தங்கச்சி. ஒவ்வொரு குறுக்குக் கோட்டுலயும் ஒரு குண்டூசி, முதல்ல வெள்ளை நூலால கச்சாத் தையல். மேல் துணியை விரலால தள்ளாதீங்க. நூலைத் தேன்மெழுகுல ஒரு தரம் இழுத்துக்கிட்டா முறுக்காது. ஓரத்தை மட்டும் மத்த மடிப்பு மாதிரியே கோடு தெரியிற கணக்குல வையுங்க. இந்த நாலும் இப்ப சரியான அளவுக்குப் போயிட்டா மறுபடி ரெண்டு நூல் குறைஞ்சிடும்.

கிளாஸ்கோ அம்மா:
மஞ்சள் கோடு நடுவில் நிற்குமா? மடிப்பு அரை நூல் அகலமாகிவிட்டதே.

எடின்பரோ வாசி:
கால் நூல் விலகியிருக்கும். 25-ம் ஒரே பக்கம், ஒரே அளவு விலகியிருப்பதால் கண்ணுக்குப் பிடிபடாது. நான்கு அடி தள்ளி நின்று பாருங்கள்.

கிளாஸ்கோ அம்மா (ஒன்பது நாள் கழித்து):
வலது பக்கம் இரண்டைப் பிரித்தேன். பழைய ஊசித் துளைகள் தெரிந்தன. ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை மேலே அழுத்தி எடுத்ததும் மறைந்தன. 12 முதல் 15 வரை மாஸ்டர் சொன்னபடி குண்டூசி வைத்தேன். ஒரு மடிப்புக்கு ஒரு சாயங்காலம் ஆனது. பச்சையில் பச்சை நூல், நீலத்தில் நீல நூல், மஞ்சள் கோட்டைத் தொடவே இல்லை.

இன்று காலை ஜன்னல் வெளிச்சத்தில் அளந்தேன். சீட்டில் 20¼-க்கு ஒரு பொடி மேலே, இடுப்பில் 17 இஞ்சும் ஒன்றரை நூலும். பையனைத் திரும்பி நிற்க வைத்துக் குண்டூசி குத்திப் பார்த்தேன். 25 மஞ்சள் கோடும் முழங்கால் வரை நேராக இறங்குகின்றன. நான்கு அடி தள்ளி நின்றும் பார்த்துவிட்டேன்.

மாஸ்டருக்கும் எடின்பரோ வாசிக்கும் மனசார நன்றி. ஸ்டீக் முதல் வரிசை போட்டுவிட்டேன், ஊசி வெளியே வரவில்லை. வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் இன்னொரு முறை அளக்கப் போகிறேன். இடது பக்கம் உள்வார் (உள் ஏப்ரனை இழுத்துக் கட்டும் வார்) வெளியே வர ஒரு துளை வேண்டுமாம். அதைக் காஜா மாதிரி சுற்றித் தைப்பதா, மடிப்பின் ஓரத்திலேயே தைக்காமல் இடம் விடுவதா?

எடின்பரோ வாசி:
ஓரத்தில் இடம் விட்டாலே போதும். ஆனால் இரண்டு முனையையும் கெட்டியாகக் கட்டித் தையுங்கள், வார் இழுக்கிற இழுப்பில் முதலில் பிரிவது அங்கேதான்.