பாரிஸில் ஸ்டேஷன் மாற 58 நிமிடம்: அம்மாவோடு போகிறேன், போதுமா?

புதுப்பயணி

எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனியில் பான் நகரத்தில் முதுகலை படிக்கிறேன். அம்மா மூன்று மாத விசாவில் என்னைப் பார்க்க வந்திருக்கிறார். அவரை ரயிலிலேயே பார்சிலோனாவுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று ஆசை. கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான். அதனால் மலிவான டிக்கெட்டாகத் தேடித் தேடி இப்படி ஒரு திட்டம் போட்டிருக்கிறேன்.

பானிலிருந்து கொலோனுக்கு உள்ளூர் ரயில். கொலோனில் 14 நிமிட இடைவெளி. அங்கிருந்து யூரோஸ்டார் விரைவு ரயிலில் பாரிஸ் கார் து நோர் ஸ்டேஷன். பிறகு கார் து லியோன் ஸ்டேஷனுக்கு மாறி, பார்சிலோனா போகும் டிஜிவி (பிரெஞ்சு விரைவு ரயில்). பாரிஸில் வந்து சேர்வதற்கும் அடுத்த வண்டி கிளம்புவதற்கும் நடுவே 58 நிமிடம். அந்த டிஜிவிதான் அன்றைக்குக் கடைசி நேரடி வண்டி.

வரைபடத்தில் பார்த்தால் பாரிஸின் இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில் சுமார் 5 கிலோமீட்டர்தான். ஆர்இஆர் என்ற பாரிஸ் நகர ரயிலில் 8 நிமிடம் என்று காட்டுகிறது. எனக்கு 58 நிமிடம் தாராளமாகத் தெரிகிறது. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, இரண்டு பெட்டி வேறு. டிக்கெட் இன்னும் வாங்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தண்டவாளம்

தம்பி, வாங்குவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே நல்லது.

வண்டி சரியான நேரத்துக்கு வந்தால் 58 நிமிடத்தில் தனி ஆள் மாறிவிடலாம். ஆனால் வண்டி 35 நிமிடம் தாமதமாக வந்தால் என்ன செய்வீர்கள் என்பதற்குப் பதில் இருக்கிறதா? அடுத்த வண்டி அன்றைக்கே இருந்து, உங்கள் டிக்கெட்டில் அதில் ஏற முடியும் என்றால் 40 நிமிட இடைவெளிகூடப் பரவாயில்லை. அடுத்த வண்டி மறுநாள்தான் என்றால் இரண்டு மணி நேரம் இருந்தாலும் நான் யோசிப்பேன். உங்கள் திட்டத்தில் மிகக் குறுகிய இடைவெளியும் அன்றைய கடைசி வண்டியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், வேறொரு பாதையில், இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கினேன். ஒன்றாக வாங்குவதைவிட 20 யூரோவுக்கு மேல் மிச்சம். முதல் வண்டி 40 நிமிடம் தாமதம். நான் மேடைக்கு ஓடி வந்தபோது இரண்டாவது வண்டியின் பின்விளக்கு தெரிந்தது, அவ்வளவுதான். அந்த டிக்கெட் மாற்ற முடியாத வகை. கவுண்டரில் அன்றைய விலைக்குப் புதிய டிக்கெட் எடுத்தேன், மூன்று மடங்கு. இழப்பீடு கேட்டேன், கிடைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் விதிப்படி 60 நிமிடம் தாமதமானால்தான் டிக்கெட் விலையில் 25 விழுக்காடு, 120 நிமிடம் தாண்டினால் 50. தனித்தனி டிக்கெட் என்றால் ஒவ்வொன்றையும் தனியாகத்தான் கணக்குப் பார்ப்பார்கள். என் முதல் வண்டி 40 நிமிடம்தான் தாமதம். இரண்டாவது வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. யார் மேலும் குற்றமில்லை, நஷ்டம் முழுவதும் எனக்கு.

முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட் ஒப்பந்தம் இருந்திருந்தால் கடைசியாக இறங்கும் இடத்தில் எவ்வளவு தாமதம் என்று பார்த்திருப்பார்கள், அடுத்த வண்டியிலும் ஏற்றியிருப்பார்கள். 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கும் 2021/1371 என்ற அதே ஒன்றிய விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒரே இணையதளத்தில் ஒரே தடவை பணம் கட்டிவிட்டால் ஒரே ஒப்பந்தம் ஆகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். வேறு வேறு நிறுவனங்களின் வண்டிகள் என்றால் பெரும்பாலும் தனித்தனி டிக்கெட்தான். பணம் கட்டும் பக்கத்திலேயே அது எழுதியிருக்கும், நின்று படியுங்கள்.

புதுப்பயணி

ரொம்ப நன்றி அண்ணா. நான் பார்த்ததும் இரண்டு தனி டிக்கெட்தான். அப்படியென்றால் யூரோஸ்டார் தாமதமானால் பார்சிலோனா டிக்கெட் வீணா? வேறு வழியே இல்லையா? இன்டர்ரெயில் பாஸ் எடுத்தால் எந்த வண்டியிலும் ஏறலாம் என்று ஒரு நண்பன் சொன்னான்.

தண்டவாளம்

முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். ரயில் நிறுவனங்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. ஒரு விரைவு ரயில் தாமதமாகி இன்னொரு விரைவு ரயிலைத் தவறவிட்டால், அடுத்து கிடைக்கும் வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். யூரோஸ்டார், பிரெஞ்சு ரயில்வே இரண்டும் அதில் இருக்கின்றன. தாமதமான வண்டியின் ஊழியரிடமோ இறங்கிய ஸ்டேஷனின் உதவி மேசையிலோ தாமதத்தை உறுதி செய்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்த பிறகு நினைவு வந்து பயனில்லை. நீங்களும் இரண்டு வண்டிக்கும் நடுவே நியாயமான நேரம் விட்டிருக்க வேண்டும். இதைச் சலுகையாகத்தான் நினைக்க வேண்டும், இதை நம்பித் திட்டம் போடக் கூடாது. அதோடு, அடுத்த வண்டி மறுநாள்தான் என்றால் அம்மாவோடு இரவு எங்கே தங்குவீர்கள்?

இன்டர்ரெயில் பாஸ் ஜெர்மனிக்குள் சுற்றினால் அருமை. யூரோஸ்டாரிலும் டிஜிவியிலும் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிப் பணம். போதாததற்கு அது ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கான பாஸ். அம்மா வந்திருப்பது விசாவில், அவருக்குப் பொருந்தாது. ஒரே ஒரு நீண்ட பயணத்துக்கு அது வேண்டாம்.

ஜன்னலோரம்

தம்பி, நான் பாரிஸில் இருக்கிறேன், வாரத்துக்கு நான்கு நாள் இந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். அந்த 8 நிமிடம் உண்மைதான். கார் து நோரில் ஏறினால் நடுவில் ஷாத்லே லே ஆல் ஒன்றுதான், அடுத்தது கார் து லியோன். ஆனால் அது வண்டிக்குள் இருக்கும் நேரம் மட்டும். இரண்டு பக்கமும் நடக்கிற நேரத்தைக் கேளுங்கள்.

யூரோஸ்டார் நீளமான வண்டி. கடைசிப் பெட்டியில் இருக்கை கிடைத்தால் மேடையைக் கடக்கவே அம்மாவுக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும். ஆர்இஆர் மேடைகள் தரைக்குக் கீழே இருக்கின்றன. நகரும் படிக்கட்டு உண்டு, லிஃப்டும் உண்டு, ஆனால் கூட்டத்துக்கு நடுவே பெட்டியோடு லிஃப்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கீழே போனதும் பச்சை வட்டத்தில் டி எழுத்து இருக்கும், அந்தப் பாதைதான் உங்களுக்கு. வடக்கே போகிற வண்டியில் ஏறிவிடாமல் பலகையில் கார் து லியோன் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று டிக்கெட் விஷயம். 2025 ஜனவரியில் இங்கே கட்டணத்தை மாற்றினார்கள். மெட்ரோவுக்கும் ஆர்இஆருக்கும் ஒரே விலை, அப்போது 2.50 யூரோ. உங்கள் போனிலேயே இல் து பிரான்ஸ் மொபிலிடே செயலியில் வாங்கி, போனைக் கதவில் காட்டிப் போய்விடலாம். ஆனால் ஒரு போனில் இரண்டு பேர் போக முடியாது! அம்மாவுக்கு அவருடைய போனில் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் நவிகோ ஈஸி என்ற பயண அட்டை ஒன்று வாங்க வேண்டும், அட்டை 2 யூரோ. அதை வாங்கும் வரிசை கார் து நோரில் எப்போதுமே நீளம். வெளியே வரும்போதும் அதே அட்டை வேண்டும், பையின் அடியில் போட்டுவிடாதீர்கள்.

அந்தப் பக்கம் கார் து லியோனும் சின்ன ஸ்டேஷன் இல்லை. முதல் கூடத்தில் மேடைகளுக்கு எழுத்து, இரண்டாவது கூடத்தில் எண். இரண்டுக்கும் நடுவே நல்ல நடை. மேடை எது என்று வண்டி கிளம்ப 20 நிமிடம் இருக்கும்போதுதான் பலகையில் வரும். டிஜிவிக்குள் ஏற அனுமதி கிளம்புவதற்கு 2 நிமிடம் முன்பே முடிந்துவிடும். ஆக உங்கள் 58 நிமிடம் உண்மையில் 56.

டாக்ஸியும் யோசிக்கலாம், அம்மாவுக்குப் படி ஏறி இறங்க வேண்டாம். ஆனால் நெரிசல் நேரத்தில் அதை நம்ப முடியாது. ஸ்டேஷனுக்குள்ளேயே வந்து "டாக்ஸி வேண்டுமா" என்று கேட்பவர்கள் பின்னால் மட்டும் போகாதீர்கள். வெளியே டாக்ஸி வரிசை இருக்கிறது, அதில் நின்று ஏறுங்கள்.

பச்சைக்கொடி

பாரிஸுக்குள் நுழையாமலே போகலாமே. கொலோனிலிருந்து பிரஸ்ஸல்ஸ் மிடி ஸ்டேஷன். அங்கிருந்து தெற்கு பிரான்சுக்கு நேராகப் போகும் டிஜிவிகள் உண்டு. பாரிஸைச் சுற்றிக்கொண்டு, சார்ல் த கோல் விமான நிலையம், மார்ன் லா வாலே வழியாகப் போகும். பிரஸ்ஸல்ஸில் அதே ஸ்டேஷனில் மேடை மாறினால் போதும். பிறகு தெற்கே ஓர் ஊரில் இறங்கி பார்சிலோனா வண்டியைப் பிடிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மாறும் இடம் மோன்பெலியே என்று வந்தால் ஸ்டேஷன் பெயரை முழுதாகப் படியுங்கள். ஊருக்கு நடுவே சான் ரோக் என்று ஒன்று, ஊருக்கு வெளியே 2018-ல் திறந்த சுத் த பிரான்ஸ் என்று ஒன்று. ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டும் என்று டிக்கெட் வந்தால் பாரிஸ் தொல்லையே தேவலை.

கொலோனிலும் இதே கதை உண்டு. பிரதான ஸ்டேஷன் ஒன்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெஸ்ஸ டாய்ட்ஸ் ஒன்று. எதில் ஏற வேண்டும் என்று டிக்கெட்டில் பாருங்கள்.

தண்டவாளம்

கொலோன் என்றதும் நினைவு வந்தது. அந்த 14 நிமிடத்தை நாம் யாருமே கேட்கவில்லையே தம்பி! பானிலிருந்து கொலோனுக்கு நீங்கள் டாய்ச்லான்ட் டிக்கெட்டில் (உள்ளூர் வண்டிகளுக்கான மாத டிக்கெட்) போவீர்கள் என்று நினைக்கிறேன். அந்த உள்ளூர் வண்டி தாமதமாகி யூரோஸ்டாரைத் தவறவிட்டால், ரயில் நிறுவனங்களுக்கு நடுவே இருக்கும் அந்த ஏற்பாடுகூட உதவாது. இரண்டு விரைவு ரயிலுக்கு நடுவே நடந்ததாகவே அது கணக்காகாது. ஆனால் இந்தத் துண்டில் நேரம் சேர்ப்பதற்குச் செலவே இல்லை. பானுக்கும் கொலோனுக்கும் நடுவே மணிக்குப் பல வண்டிகள் ஓடுகின்றன. இரண்டு வண்டி முன்னால் கிளம்புங்கள். எல்லாம் நின்றுபோனால் 16, 18 எண் டிராம் இருக்கிறது, மெதுவாகப் போனாலும் கொலோனில் கொண்டு சேர்க்கும். அம்மாவுக்குத் தனி டிக்கெட் எடுக்க மறக்காதீர்கள், உங்கள் மாத டிக்கெட்டில் அவர் வர முடியாது.

புதுப்பயணி

அந்த 14 நிமிடத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை அண்ணா.

பிரஸ்ஸல்ஸ் வழியைத் தேடிப் பார்த்தேன். நாங்கள் போகும் நாளில் விலை அதிகமாக வருகிறது. ஆனால் அதே கொலோன் – பாரிஸ் பாதையில் இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்பும் வண்டி இருக்கிறது. இருவருக்கும் சேர்த்து 18 யூரோ கூடுதல். பாரிஸில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் கிடைக்கும். விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும், அம்மா "நான் எப்பவும் நாலு மணிக்கு எழுந்திருக்கிறவதானே" என்கிறார். அதையே வாங்கிவிட்டேன்.

ஜன்னலோரம்

நல்ல முடிவு. முந்தின நாள் இரவு ஆர்இஆர் டி ஓடுகிறதா என்று செயலியில் பாருங்கள், பராமரிப்பு வேலைக்காக சில நாள் நிறுத்துவார்கள். நின்றிருந்தால் ஆர்இஆர் பி பாதையில் ஷாத்லே லே ஆல் வரை வந்து, அங்கே ஏ பாதைக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே கார் து லியோன். உங்கள் குடியிருப்பு அட்டையும் இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் அசலாகக் கையில் இருக்கட்டும். பிரான்ஸ் – ஸ்பெயின் எல்லையில் போலீஸ் வண்டிக்குள் ஏறிப் பார்ப்பதுண்டு.

புதுப்பயணி

பார்சிலோனாவிலிருந்து எழுதுகிறேன். யூரோஸ்டார் சொன்ன நேரத்துக்கே பாரிஸ் வந்தது. ஜன்னலோரம் அக்கா சொன்னதால் போனில் நேரம் குறித்துக்கொண்டே போனேன், அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.

வண்டி நின்றதிலிருந்து ஆர்இஆர் நுழைவாயில் வர 9 நிமிடம். அம்மாவின் அட்டைக்கு வரிசையில் 12 நிமிடம். லிஃப்ட் தேடி மேடைக்கு இறங்க 6. வண்டிக்குக் காத்தது 5. பயணம் 8. கார் து லியோனில் மேலே வந்து கூடத்தை அடைய 11. மொத்தம் 51 நிமிடம். தாமதமே இல்லாத நாளில், யாரும் வழி தவறாமல்! பழைய திட்டப்படி போயிருந்தால் வண்டிக் கதவுக்கு 5 நிமிடம்தான் மிச்சம் இருந்திருக்கும், மேடை வேறு அடுத்த கூடத்தில் இருந்தது. அம்மா நடுவில் இரண்டு முறை சுவரைப் பிடித்து நின்றார். அப்போது அவசரப்படுத்தாமல் நானும் பக்கத்தில் நிற்க முடிந்தது. அந்த 18 யூரோ அதற்கே போதும்.

ஒரு கடைசிக் கேள்வி. திரும்பும்போது இங்கே பார்சிலோனாவின் சான்ட்ஸ் ஸ்டேஷனுக்கு எவ்வளவு முன்னால் போக வேண்டும்?

பச்சைக்கொடி

அங்கே விரைவு ரயிலுக்குப் பெட்டிகளை ஸ்கேன் செய்துதான் உள்ளே விடுவார்கள், பாரிஸில் ஏறியதுபோல் நேராகப் போய் ஏற முடியாது. அம்மாவோடு என்றால் 45 நிமிடம் முன்னால் போய்விடுங்கள். உள்ளே உட்கார இடம் இருக்கிறது.