லென்ஸ் போடுபவர்கள் வாருங்கள்: உங்கள் கருவிழிக்கு என்ன நடந்தது?

கயல்: பதினோரு வருடமாக சாஃப்ட் லென்ஸ். காலையில் போட்டால் படுக்கும்போதுதான் கழற்றுவேன், பல நாள் அதுவும் இல்லை. வலி, உறுத்தல் எதுவும் வந்ததே இல்லை. பவர் பார்க்கப் போன இடத்தில் டாக்டர் என் கண்ணைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். கருவிழி (கார்னியா, கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலம்) ஓரத்திலிருந்து உள்ளே சிவப்பு இழைகள், செடியின் வேர் மாதிரி. "இந்த இடத்துல ரத்தக்குழாயே இருக்கக் கூடாதும்மா" என்றார். கருவிழி காற்றிலிருந்து நேரடியாக ஆக்சிஜன் எடுக்கிறதாம். அது போதாமல் போனதால் குழாய்கள் வளர்ந்திருக்கின்றன. லென்ஸை நிறுத்திய பிறகு ரத்தம் வற்றிவிட்டது, தடம் மட்டும் அப்படியே. கண்ணை மூடினால் அந்தத் திரைதான் வருகிறது.

வளைகோடு: எனக்கு செமி சாஃப்ட், அதாவது ஆக்சிஜன் விடும் கெட்டி லென்ஸ். பவரைப் போக்க லேசர் செய்துகொள்ளப் போனேன். கருவிழியின் மேடுபள்ளத்தைக் காட்டும் வண்ணப் படத்தில் கீழ்ப்பக்கம் மட்டும் ஒரே சிவப்பு, அதாவது அங்கே வளைவு அதிகம். கூம்பு விழியாக (கருவிழி மெலிந்து கூம்பாகத் துருத்தும் நோய்) இருக்கலாம், லென்ஸ் அழுத்தியதாகவும் இருக்கலாம், கழற்றிவிட்டு நாலு வாரம் கழித்து வாருங்கள் என்றார்கள். அந்த நாலு வாரம் நான் தூங்கவில்லை. அடுத்த படத்தில் சிவப்பு பாதியானது. இரண்டு படங்கள் ஒன்றுபோல வரும்வரை திரும்பத் திரும்ப எடுத்தார்கள். கடைசியில் லென்ஸ் வேலைதான் அது.

தூரப்பார்வை: கயல், சாஃப்ட் லென்ஸ் எல்லாமே ஒன்று என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள், அதை ஏற்க மாட்டேன். சாதா ஹைட்ரோஜெல்லில் (நீர் ஊறிய மெத்தென்ற பிளாஸ்டிக்) ஆக்சிஜன் அதிலுள்ள நீர் வழியாகத்தான் போக வேண்டும். 1999-ல் கடைக்கு வந்த சிலிக்கான் ஹைட்ரோஜெல் அதைவிடப் பல மடங்கு விடும். எனக்கும் கண் ஓரம் சிவந்துதான் கிடந்தது, மாற்றிய சில வாரத்தில் வெளுத்தது. என் கதை அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் இதைச் செய்யுங்கள்: பெட்டியில் எந்தப் பொருள் என்று எழுதியிருக்கும், படியுங்கள். சிலிக்கான் என்பதற்காகப் போட்டுக்கொண்டே தூங்காதீர்கள். லென்ஸே இல்லாவிட்டாலும் தூக்கத்தில் கருவிழி 3, 4 சதவீதம் வீங்கும். மேலே ஒன்றைப் போட்டு மூடினால் கிருமிக்கும் வசதி. ஆக்சிஜன் கூடியதால் தொற்று குறைந்துவிடாது. டப்பாவில் பழைய சொல்யூஷன்மேலேயே புதியதை ஊற்றாதீர்கள், கொட்டிவிட்டு ஊற்றுங்கள். டப்பாவையும் மூன்று மாதத்துக்குள் மாற்றுங்கள்.

மழைக்காலம்: எல்லோரும் ஆக்சிஜனையே பேசுகிறீர்கள். என் கண்ணைக் கெடுத்தது தண்ணீர். டப்பாவைக் குழாயில் கழுவினேன், அவ்வளவுதான். முதலில் வைரஸ் என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள், வலி ஏறிக்கொண்டே போனது. ஒரு ராத்திரி போன் திரை எரிந்தது. அந்த வெளிச்சம் கண்ணுக்குள் ஊசியாக இறங்கியது, போனைத் தூக்கி எறிந்துவிட்டேன். கருவிழியைச் சுரண்டி எடுத்துப் பார்த்தபோதுதான் அகாந்தமீபா, தண்ணீரில் வாழும் ஒரு செல் கிருமி என்று தெரிந்தது. முதல் சில நாள் மணிக்கொரு சொட்டு, ராத்திரியிலும். அப்புறம் மாதக்கணக்கில். தழும்பு நடுவில் நிற்கிறது, அந்தக் கண்ணால் எழுத்து படிக்க முடியாது.

கூம்புவிழி: வளைகோடு, நீங்கள் பயந்த அதே நோய் எனக்கு நிஜமாகவே இருக்கிறது. கண்ணாடி போட்டால் ஒரு விளக்கு ஐந்தாகத் தெரியும். ஸ்க்லீரல் என்ற பெரிய கெட்டி லென்ஸ் போட்ட அன்று ஒரே விளக்கு. அது வெள்ளை விழிமேல்தான் உட்காரும், கருவிழியைத் தொடாது, நடுவில் உப்புநீர் நிற்கும். கெட்டி லென்ஸ் என்றாலே கெடுதல் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். மழைக்காலம், அந்தக் கண்ணுக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டீர்களா?

மழைக்காலம்: கேட்டேன். தழும்பு ஆழமாக இருக்கிறது, கருவிழி மாற்றுதான் என்றார்கள். காத்திருக்கிறேன்.

கயல்: தூரப்பார்வை, பழைய பெட்டியை இப்போதுதான் தேடி எடுத்தேன். பாலிமேக்கான், நீர் 38 சதவீதம். சாதா ஹைட்ரோஜெல்தான். பதினோரு வருடமும் இதே பெட்டி.